வயிறா, வம்பா?

கும்மிடிப்பூண்டியில் இளம் சுகாதார ஆய்வாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. பழைய ஆள் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மணவாள நகரில் ஈஸி சேரில் சிவனே என்று கிடந்த என்னை ஜீப் அனுப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் மைக் வேலை செய்யவில்லை. காபி ஆறிப்போய் வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான். தொழிற்பேட்டைக்கு வடக்கேயிருந்து வந்து வேலை செய்கிற பையன்களைப் பற்றி இவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் ‘இடம்பெயர்ந்த காரணம்’ என்று ஒரு கட்டம். ஒரு பெண் பெருமையாகப் புரட்டிக் காட்டினாள். தாளுக்குத் தாள் அந்தக் கட்டத்தில் வேலை, வேலை, வேலை.

“எல்லாரும் ஒரே பதில்தான் சார். டக்குனு முடிஞ்சிடுது.”

“யாரும்மா போய்க் கேட்டது?”

“நாங்கதான் சார்.”

“இதே யூனிபார்ம்லயா?”

“ஆமா சார், ஐடி கார்டோட.”

அப்புறம் எங்கே உருப்படும்? சர்க்கார் உடுப்பில், கையில் பேனாவோடு வந்து நிற்கிறவனிடம் எவன் உண்மையைச் சொல்வான்? மண்டையில் ஏறுகிற வரைக்கும் கத்தினேன். கத்தியதை அப்படியே எழுதிக் கொடுத்தால் எங்கள் மலரில் போடுகிறோம் என்றார்கள். அந்த மைக் மட்டும் வேலை செய்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். வேலைக்குப் பெயர் வாக்சினேட்டர். ஊரில் எனக்குப் பெயர் ‘அம்மை குத்துறவன்’. பெரியம்மைக்குத் தடுப்பாக வீடு வீடாகப் போய்க் கையில் கீறி அம்மைப்பால் என்கிற மருந்தை வைக்க வேண்டும். திருவள்ளூரில் பயிற்சி கொடுத்தார்கள். கையை இப்படிப் பிடி, கத்தியை அப்படித் திருகு, ஓடினால் துரத்து. பயிற்சி அவ்வளவுதான். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, எங்கள் ஆட்களிலேயே முதலில் சைக்கிள் ஏறியவன் நான் என்ற பெருமையோடு பொன்னேரி ஆபீசில் போய் நின்றேன். அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

என்னைப் பார்த்தாலே ஊர் காலியாகிவிடும். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிடுவார்கள். வைக்கோற்போருக்குள் ஒளித்து வைப்பார்கள். ஒரு வீட்டில் குழந்தையை நெல் கொட்டி வைக்கிற குதிருக்குள் இறக்கிவிட்டு, “எங்களுக்குப் புள்ளையே கெடையாது சாமி” என்று சத்தியம் செய்தாள் ஒருத்தி. குதிருக்குள் பிள்ளை அழுகிறது. “அது பூனை” என்கிறாள். அம்மை வந்தால் அது அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம், அதை ஆபீசுக்காரனிடம் சொல்வது அவளைக் காட்டிக்கொடுப்பது. சொன்னால் ஆட்கள் வந்து நோயாளியைத் தூக்கிப்போய் ஊருக்கு வெளியே கொட்டகையில் போடுவார்கள், பாய் துணியையெல்லாம் கொளுத்துவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் பாதி நியாயமும் இருந்தது. ஆகவே அம்மை என்ற வார்த்தையை என் முன்னால் எவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் நான் சுற்றிய கிராமங்களில், அவர்கள் சொன்னதை நம்பினால், ஒருவருக்கும் ஒரு நாளும் எந்த நோவும் வந்ததில்லை.

என் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் நரசிம்மலு. கத்திரி வெயிலிலும் கோட்டுப் போடுவார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கை கழுவி, அதற்கப்புறம்தான் எதிரே நிற்கிறவனை ஒரு மனிதனாக மதித்துப் பார்ப்பார். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். “நீ பாத்தியா, நான் பாத்தேனா?” என்பார். நான் பார்த்தது அவருக்குக் கணக்கில்லை.

அந்தக் காலத்தில் மலாயா, பர்மா, சிலோன் எங்கே போகக் கப்பல் ஏறினாலும் அம்மைப்பால் வைத்ததற்குச் சர்டிபிகேட் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படிப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பங்களுக்கு அக்கரையில் கடைகள். அவர்கள் கடைக்கு ஆட்கள் போவார்கள், ஆளுக்குப் பின்னால் குடும்பம் போகும். எல்லோரும் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். நரசிம்மலு எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். ‘எதற்குப் போகிறாய்’ என்று எந்தத் தாளிலும் கட்டம் இல்லை, எந்த அதிகாரியும் கேட்கச் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்பார்.

“வயிறா, வம்பா?”

சோற்றுக்கு வழியில்லாமல் போனால் வயிறு. பங்காளித் தகராறு, கோர்ட்டு கேஸ், பெண் விவகாரம், எதுவானாலும் வம்பு. “உலகத்துல மூணாவது காரணம் கெடையாது, தேவசகாயம்” என்று என்னிடம் சொல்வார். பதில் வந்ததும் தலையை ஒரு தரம் ஆட்டுவார், ஏதோ தான் சொன்னது சரியாகிவிட்ட மாதிரி.

திரும்பி வந்தவர்களையும் விட மாட்டார். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்த ஒருவனைப் பிடித்து ஏனப்பா வந்தாய் என்று கேட்டார். “அங்க மழை ஜாஸ்தி சார்” என்றான் அவன். குண்டு விழுந்து ஊரே பற்றி எரிந்ததாம், மழைக்குப் பயந்து வந்தானாம்! சிலோனிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த இன்னொருவன், அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். அவன் அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது என்று வெளியே பெஞ்சில் இருந்தவனே சொன்னான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். நரசிம்மலு முன்னவனை வயிற்றில் சேர்த்தார், பின்னவனை வம்பில் சேர்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் குப்பம்மா வந்தாள்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்று நடுகிற பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் வேலு, பழவேற்காட்டு வியாபாரி காதர் பாயின் தம்பி பினாங்கில் வைத்திருந்த கடையில் ஆள். யுத்தத்துக்கு முன்னால் போனவன், நடுவில் ஒரு தடவை வந்து கலியாணம் செய்துகொண்டு திரும்பிப் போய்விட்டான். இப்போது அவளுக்கு அனுமதி வாங்கி அனுப்பியிருக்கிறான். மலாயாவில் சட்டம் இறுகிக்கொண்டிருந்த சமயம். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும், மறுபடி கொடுப்பார்களா என்பது சந்தேகம் என்று காதர் பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். அவரே அவளையும் அவள் அம்மா கன்னியம்மாவையும் வண்டி வைத்துக் கூட்டி வந்திருந்தார்.

நரசிம்மலு தொப்பி கழற்றி, கண்ணாடி துடைத்து, கை கழுவி முடித்தார்.

“பெரியம்மை கண்டதுண்டா?”

“அய்யோ, எங்க ஊட்ல அதெல்லாம் எதும் வந்ததே கெடையாது சாமி” என்று கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

“உன்னைக் கேக்கல. நீ சொல்லு.”

“இல்ல சாமி” என்றாள் குப்பம்மா, தலைமேல் முந்தானையை இழுத்துக்கொண்டு.

“முன்னாடி பால் வச்சிருக்கா?” கையைப் பார்த்தார். தழும்பு இல்லை. குழந்தையாக இருந்தபோது அவளையும் ஏதாவது குதிருக்குள் இறக்கியிருப்பார்கள். “முதல் தரம். எழும்பினாத்தான் கையெழுத்து. சரி, வயிறா, வம்பா?”

“புருஷன் கூப்டாரு சாமி.”

“அது காரணம் இல்ல. எதுக்குப் போறே?”

“கூப்டாரே, அதான்.”

நரசிம்மலு தலையை ஆட்டவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை.

‘எழும்புவது’ என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்கவே இல்லையே. கிண்டியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் ரயிலில் வரும். வெயில் பட்டால் கெட்டுவிடும். மண்கலயத்தில் ஈரத்துணி சுற்றி வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, வழியில் கிணறு கிணறாக நின்று துணியை நனைக்க வேண்டும். கையைத் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பால் செத்துவிடும். கத்தியை ஸ்பிரிட் விளக்கில் சுட்டு ஆற வைக்க வேண்டும். ஒரு சொட்டு வைத்து, கத்தி முனையில் இருக்கிற பல் வைத்த வட்டத் தகட்டைத் தோலில் அழுத்தித் திருக வேண்டும். ரத்தம் கொட்டக்கூடாது, சும்மா கசிய வேண்டும். பிறகு நிழலில் தானாகக் காய வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நடுவில் குழி விழுந்த முத்து மாதிரி கொப்பளம் நிற்க வேண்டும். அதுதான் எழும்புவது. எழும்பவில்லை என்றால் பால் கெட்டிருக்கிறது, அல்லது துடைத்துவிட்டார்கள். பாதிப் பேர் நான் தெருமுனை தாண்டுவதற்குள் சாணியோ எலுமிச்சம்பழமோ வைத்துத் தேய்த்துவிடுவார்கள்.

குப்பம்மாளுக்கு எழும்பவில்லை.

“பால் கெட்டுப் போச்சு. கலயத்த வெயில்ல உட்டுட்டு எங்கயாவது டீ குடிச்சிக்கினு இருந்திருப்ப” என்று நரசிம்மலு என்மேல் பாய்ந்தார். எனக்கு அப்போது தற்காலிக வேலை. நான் வாயை மூடிக்கொண்டு புதுக்குழாய் உடைத்து மறுபடி வைத்தேன். அதே குழாயில் அதே தெருவில் மற்றவர்களுக்கும் வைத்தேன். மற்ற எல்லோருக்கும் அழகாக எழும்பியது. இவள் கை வழவழவென்று இருந்தது.

“பால் நல்ல பால்தான். அப்ப இவ துடைக்கிறா” என்றார் நரசிம்மலு. “நீ இன்னா பண்ற, பால் வச்சிட்டுக் காயற வரைக்கும் எதிர்லயே ஒக்காரு. கண்ணை எடுக்காத.”

மூன்றாம் தடவை அப்படித்தான் செய்தேன். ஆபீசுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் அவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு சொட்டுப் பால் காய்வதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கார் சம்பளத்தில் இதைவிட அசட்டு வேலை நான் பார்த்ததில்லை. ஈ உட்கார வந்தால் விசிறினேன்.

“ஏம்மா, உண்மையைச் சொல்லு. ஊட்டுக்குப் போய்த் தேச்சிடறியா? போக இஷ்டமில்லன்னா பாய்கிட்ட சொல்லிடு. என் வேலைக்கு ஏன் உல வைக்கிற?”

“சத்தியமா தேய்க்கல சார். நான் போவணும்.”

“எதுக்கு?”

அவள் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். “புருஷன் கூப்டாரு” என்றாள்.

ஒரு வாரம் போயிற்று. எழும்பவில்லை.

இதற்குள் கதை கட்டிவிட்டார்கள். குப்பம்மாளுக்குப் புருஷனிடம் போக இஷ்டமில்லையாம், ராத்திரியோடு ராத்திரியாக எலுமிச்சம்பழம் தேய்க்கிறாளாம், ஊரில் எவனோ இருக்கிறானாம். புருஷன் வீட்டார் காதில் விழுந்து அவர்கள் பினாங்குக்கே ஆள் மூலம் சொல்லி அனுப்பப் போகிறார்கள் என்று காதர் பாய் பதறிக்கொண்டு வந்தார். கப்பல் வருகிற நாள் நெருங்கிவிட்டது. போகாவிட்டால் கப்பல் மட்டுமா போகும், அவள் பெயரும் போய்விடும்.

அன்றைக்கு ஆபீசில் நரசிம்மலு அவளை நிற்க வைத்தார். பக்கத்தில் கன்னியம்மா. பெஞ்சில் காதர் பாய். மூலையில் நான்.

“தேவசகாயம், காயற வரைக்கும் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“நீ பாத்தே. நான் பாத்தேனா? நீயும் சேர்ந்துக்கினு கூத்தடிக்கிறியோ இன்னாவோ.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, கேஸ் எனக்குப் புரிஞ்சு போச்சு. நீ வயித்துக்குப் போறேன்னு நெனச்சேன். இது வம்பு. இங்க எவனோ இருக்கான். போக மனசில்லாம கையைத் தேச்சிக்கினு சர்க்கார் பாலை வீணாக்கற. பாய், அனுமதியத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“சாமி, அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல” என்று பாய் எழுந்தார்.

குப்பம்மா தலையிலிருந்த முந்தானையை இழுத்துக் கீழே விட்டாள். எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்திருந்த கொண்டையை அவிழ்த்தாள். முடியை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு நரசிம்மலுவின் மேஜைமேல் குனிந்தாள்.

“பாருய்யா! நல்லாப் பாரு! எவன் இருக்கான்னு பாரு!”

காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி மயிரோரத்தில் குழி குழியாகப் பழைய அம்மைத் தழும்பு. முகத்தில் ஒன்றுகூட இல்லை. வந்தது இளசாக வந்து, தலையோடு நின்றுவிட்டிருக்கிறது.

ஒரு தரம் அம்மை கண்டு தேறியவர்களுக்கு அம்மைப்பால் எழும்பாது. எத்தனை குழாய் உடைத்தாலும் எழும்பாது. சின்னதாகத் தடித்து இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், நாங்கள் போய்ப் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. அது மட்டுமில்லை. அம்மை கண்டவர்களுக்குப் பாலே தேவையில்லை. வந்தது என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தழும்பைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம்!

“சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாம்மா?” என்று நான்தான் கத்தினேன்.

“நோவு கண்ட ஒடம்புன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

நரசிம்மலு பூதக்கண்ணாடி எடுத்து ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கை கழுவினார். அந்த மனுஷனுக்கு அதிலும் ஒரு முறை உண்டு. தழும்பு மட்டும் போதாது, வந்தபோது கூட இருந்தவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும்.

“இந்தாம்மா கன்னியம்மா. பொண்ணுக்கு அம்மை வந்துச்சா?”

“அது கொசு கடிச்ச வடு சாமி.”

“கொசுவா?”

“எங்க ஊர்ல கொசு பெருசு சாமி.”

என் வாழ்நாளில் நரசிம்மலு யாரையும் கெஞ்சிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினார். “அம்மா, உன்னை யாரும் புடிச்சிக்கினு போகமாட்டாங்க. கொட்டகையும் இல்ல, கொளுத்தறதும் இல்ல. அம்மை வந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. உன் பொண்ணு கப்பல் ஏறிடும்.” ஊர் ஊராகப் போய் அம்மை வரவேண்டாம் என்று போராடுகிற இலாகா, வந்தது என்று சொல்லச் சொல்லி ஒருத்தியிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறது. கன்னியம்மா அசையவில்லை.

“எங்க ஊட்ல அதெல்லாம் வந்ததே கெடையாது சாமி.”

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது.

“வந்துச்சு” என்றாள் குப்பம்மா. குரல் இறங்கியிருந்தது. “எனக்கும் ஏகாம்பரத்துக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு.”

“சும்மா இரு!” என்று கன்னியம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். குப்பம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடாமல் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“யாரும்மா ஏகாம்பரம்?” என்றார் நரசிம்மலு.

“என் தம்பி. எனக்கு எறங்கிச்சு, அவனுக்கு எறங்கல. உங்க ஆளுங்க வந்துடப் போறாங்க, என்னையும் தூக்கிக்கினு போயிடுவாங்கன்னு எங்கம்மா வாயைத் தொறக்கல. ஒரு மோளம் இல்ல, ஒரு ஒப்பாரி இல்ல. தோப்புல பொதைச்சிட்டு வந்து, எப்பவும் போல அடுப்பு மூட்டுச்சு. கேட்டவங்களுக்கு அத்தை ஊட்ல வளர்றான்னு சொல்லுச்சு. அப்பறம் யாரும் கேக்கல. அன்னைலேர்ந்து எங்க ஊட்ல அந்தப் பேரை எடுக்கக் கூடாது. எனக்குத் தம்பியே கெடையாது சாமி.”

கன்னியம்மா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “இது ஏதோ உளறுது. எனக்கு ஒரே பொண்ணு” என்றாள்.

நரசிம்மலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு கன்னியம்மாளை ஒன்றும் கேட்காமல் சர்டிபிகேட்டை எடுத்து, அம்மை கண்டு தேறியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். கூட இருந்தவர் வாயால் சொல்லியாயிற்று. அந்தக் கூட இருந்தவள் அவளேதான். அவர் முறையில் அது செல்லுமா என்று நான் கேட்கவில்லை.

தாளைக் கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கம். ஆனால் சத்தம் இல்லாமல் கேட்டார். “வயிறா, வம்பா?”

குப்பம்மா முடியை முடிந்துகொண்டே யோசித்தாள். முதல் தடவையாக யோசித்தாள்.

“புருஷன் கூப்டாரு, அதுவும்தான் சாமி. ஆனா அங்க என்னை யாருக்கும் தெரியாதுல்ல. எங்கம்மா சொன்ன கதையும் தெரியாது. எனக்கு ஒரு தம்பி இருந்தான், ஏகாம்பரம்னு பேருன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருக்கலாம்ல.”

நரசிம்மலு தலையை ஆட்டவில்லை. இதை அவர் எதில் சேர்ப்பார்? வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மனுஷன் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. மறுநாளே பர்மா போகிற ஒருவனிடம் “வயிறா, வம்பா?” என்று ஆரம்பித்துவிட்டார். ஓய்வு பெறுகிறவரை அதையே கேட்டு என் உயிரை வாங்கினார். ஒன்றுதான் மாறியது. பதிலைக் கேட்டபின் தலையாட்டுவதை விட்டுவிட்டார்.

குப்பம்மா கப்பல் ஏறினாள். இரண்டொரு வருஷம் கழித்துப் பழவேற்காட்டில் காதர் பாயைப் பார்த்தேன். பினாங்குக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

“குப்பம்மா எப்படி இருக்குது பாய்?”

“அதை ஏன் கேக்கறே தம்பி, பெரிய பேஜாரு” என்றார். “ஆம்பளப் புள்ள பொறந்திருக்கான். ஏகாம்பரம்னு பேரு. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து அந்தப் பேரைக் கூவிக்கினே இருக்கு. புள்ள பக்கத்துலதான் ஒக்காந்திருக்கான், அதுக்கு ஏன் தொண்டை கிழியக் கூப்புடணும்? கடையில கணக்குப் போட முடியலன்னு என் தம்பி அழுவுறான். கடைத்தெருவுல சீனாக்காரங்களுக்குக்கூட அந்தப் பேரு மனப்பாடம் ஆயிடுச்சு.”

அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சுற்றுக்குப் போனபோது கன்னியம்மா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கும் முன்னால் கேரியரில் இருந்த கலயத்தைத்தான் பார்த்தாள்.

“நல்ல சேதிம்மா. உன் பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கான். ஏகாம்பரம்னு பேரு வச்சிருக்குது.”

முறம் நின்றது. கலயத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“அது யாரு பேரு நைனா? எங்க ஊட்ல அப்படி யாரும் கெடையாதே.”

இத்தனைக்கும் பிறகும்! ஆபீசில் எல்லோருக்கும் முன்னால் எல்லாம் வெளிவந்த பிறகும், என்னிடமே, முகத்துக்கு நேரே! வெறுத்துப்போய் சைக்கிளைத் திருப்பினேன். பெடலில் கால் வைத்துவிட்டேன்.

“நைனா.”

திரும்பிப் பார்த்தேன்.

“சத்தமாவா கூப்புடுது?”

“கடைத்தெரு முழுக்கக் கேக்குதாம்” என்றேன்.

“கூப்புடட்டும்” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.